கரண்டியம்மாவின் வெறும் வயிறு

அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் கரண்டியம்மாவை நம்பாத ஆள் கிடையாது. கரண்டியம்மாதான் யாரையும் நம்பமாட்டார். காய்கறிக்காரர் தராசில் விரல் வைக்கிறார் என்பார். பால்காரர் வழியில் எந்தக் குழாயடியில் வண்டியை நிறுத்தினார் என்று விசாரிப்பார். தலைமைச் சமையல்காரி ஆன நாளிலிருந்து இடுப்பில் செருகியிருக்கும் நீளக் கரண்டியை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. அது ருசி பார்க்கும் கரண்டி. அதை வைத்திருப்பவர் போதும் என்றால்தான் அங்கே உப்பு போதும்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சமையல் வாசனையே எதிரியாகிப் போனது. தைராய்டு மந்தமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லி, மாத்திரை தொடங்கி மாதங்கள் ஓடிவிட்டன. உடம்பு கனத்தது, கை சில்லிட்டது, சீப்பை எடுத்தால் முடி கொத்தாக வந்தது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொண்டார். இந்தக் குமட்டலைத்தான் தாங்க முடியவில்லை. வெங்காயம் வதங்கினால் வயிற்றைப் பிரட்டும். பால் பொங்கினால் தொண்டைக்குழிவரை வந்துவிட்டுப் போகும். மேலங்கிப் பையில் எலுமிச்சைத் தோல் வைத்திருந்து, ஆள் பார்க்காதபோது முகர்ந்துகொள்வார். அதிகமானால் பின்வாசல் படியில் போய்க் காற்று வாங்கிவிட்டு, கிடங்கைப் பார்த்துவிட்டு வந்ததாக அதட்டலோடு உள்ளே நுழைவார்.

டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அளவை ஏத்தியும் அசைய மாட்டேங்குதே. தைராய்டு சரியில்லேன்னா வயிறும் மெதுவாத்தான் வேலை செய்யும், அதான் இந்தக் குமட்டல். மாத்திரையை வெறும் வயித்துலதானே போடுறீங்க?"

"காலைச் சாப்பாடு எல்லாருக்கும் போட்டு முடிச்ச அப்புறம்தான் டாக்டர் நான் சாப்பிடவே உக்காருவேன். அதுவரைக்கும் பச்சைத் தண்ணிதான்."

அவர் அறிந்தவரை அது பொய்யே இல்லை. கேன்டீனுக்கு வந்ததும் குழாயடியில் நின்று மாத்திரையை விழுங்குவார், பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் மாத்திரையில்தான் கோளாறு என்று முதலில் மருந்துக்கடைக்காரர் மேல் பாய்ந்தார். சுண்ணாம்பை உருட்டிக் கொடுக்கிறானோ என்று கடையை மாற்றினார். குமட்டல் மாறவில்லை. அப்புறம்தான் அவர் கண் வாய்ப்பூட்டின் மேல் விழுந்தது.

வாய்ப்பூட்டு என்பது இரண்டாவது சமையல்காரிக்கு மற்றவர்கள் வைத்த பெயர். கேட்டால் பதில், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பேசாத ஆளின் மனதில் என்ன ஓடுகிறது என்று யார் கண்டது? போதாக்குறைக்கு மேலாளர் வேறு வந்து, "முகமெல்லாம் வெளிறிக் கிடக்கே, கொஞ்ச நாள் லீவு எடுங்களேன்? அதுவரைக்கும் இவங்க பாத்துக்கட்டும்" என்று வாய்ப்பூட்டைக் காட்டினார். கரண்டியம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். லீவு முடிந்து வரும்போது கரண்டி வேறொரு இடுப்பில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அன்றே அதற்குச் சாட்சியும் கிடைத்தது. சூப்பை ருசி பார்த்துவிட்டு நகர்ந்தவர், ஏதோ தோன்றிச் சட்டென்று திரும்பினார். வாய்ப்பூட்டின் மூடிய கை சட்டிக்கு மேலே இருந்தது. விரல்கள் அப்போதுதான் விரிந்தன.

"என்ன போட்டே?"

"ஒண்ணுமில்லக்கா."

அந்தச் சட்டியைத் தொட்டுத் தொட்டு ருசி பார்ப்பவர் யார்? கரண்டியம்மாதான். அப்புறம் குமட்டாமல் என்ன செய்யும்? அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். கணவர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவல்காரர்.

"அவ என் வேலைக்கு உலை வைக்கிறா. எதையோ கலந்து கலந்து என்னைப் படுக்க வைக்கப் பாக்குறா. உங்க லீவு நாள்ல வந்து அவ கையைப் பிடிச்சுக் குடுங்க."

"நீ நினைக்கிற மாதிரி இல்லேன்னா?"

"நீங்களும் அவ பக்கமா?"

அடுத்த லீவு நாளில் கணவர் கேன்டீனுக்கு வந்தார். கிடங்குக் கதவின் கீல் பழுது பார்க்கிற சாக்கில் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாகக் காலை முழுக்கச் சமையலறையைக் கவனித்தார். கூட்டம் ஓய்ந்ததும் கரண்டியம்மா அவரைப் பின்வாசல் படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கையும் களவுமா பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன். ரெண்டு பேரை."

"கூட்டு வேற சேர்த்திருக்காளா? நினைச்சேன்."

"முதல்ல அவ கதையைக் கேளு. நீ ஒரு வாய் பாத்துட்டு, முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, போதும்னு சொல்லிட்டுப் போற. அவ விரல்ல தொட்டுப் பாக்குறா. சுத்தும் முத்தும் பாத்துட்டு உப்பு போடுறா. உப்பேதான், டப்பாவுல கை விட்டு நானும் நாக்குல வெச்சுப் பாத்துட்டேன். குமட்டுற வாய்க்கு எல்லாமே தூக்கலாத்தான் தெரியும். நீ கோட்டை விடுறது வெளியே தெரியாம அவ மூடி மறைச்சுக்கிட்டு இருக்கா."

கரண்டியம்மா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு ஆளு?"

"நீதான். நான் வாசல்ல நிக்கிறவன். உள்ள என்ன போகுதுன்னு பாக்குறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. மாத்திரையை முழுங்குனே. வாயைத் துடைக்கிறதுக்குள்ள பால் ஒரு கரண்டி உள்ள போச்சு. பின்னாடியே டீ. அப்புறம் சூப்பு. திரும்பவும் பால். வெறும் வயிறுன்னு டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொன்னியாமே?"

"அது ருசி பாக்குறதுங்க. அதைப் போய் யாராவது சாப்பாட்டுல சேப்பாங்களா?"

"நீ சேக்க மாட்டே. உன் வயித்துக்கு அது தெரியுமா?"

கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தம் உள்ளிருந்து கேட்டது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவளை ஊருக்கு முன்னால் திருடியாக நிறுத்தப் பார்த்தோமே என்று கரண்டியம்மாவுக்குக் கூசிப்போனது. படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னார். "ஒரு வாய் பால்கூட மாத்திரையை உடம்புல சேரவிடாது. நானும் இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டிருக்கணும்" என்றார் அவர். இன்னும் முன்னாடி எழுந்து போட முடியுமா என்று கேட்டதற்கு, "இதுக்கு மேல முன்னாடி எழுந்தா அது நேத்து ராத்திரி டாக்டர்" என்றார் கரண்டியம்மா. ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம் என்றால், சாப்பிட்ட தட்டோடு தூங்கி விழுகிறவருக்கு அதுவும் சரிப்படாது. மிஞ்சியது ஒரே வழி. மாத்திரை போட்டபின் ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது. குமட்டல் அடங்க வாரக்கணக்கில் ஆகும் என்றும் டாக்டர் சொல்லிவைத்தார்.

மறுநாள் மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்படிக்கு வந்தார். குமட்டல் வழக்கம்போல் முன்னாலேயே வந்து நின்றது. சூப் கொதித்தது. பழகிய கை தானாகக் கரண்டிக்குப் போனது. அதை உருவி எடுத்தவர், சற்று நேரம் பிடித்தபடியே நின்றார். பிறகு வாய்ப்பூட்டிடம் நீட்டினார்.

வாய்ப்பூட்டு பின்வாங்கினாள். "நீங்களே பாருங்கக்கா."

"நான் இப்ப வாயில எதையும் வைக்கக் கூடாது. நீ பாரு."

வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் பார்த்தாள்.

"சரியா இருக்குக்கா."

கரண்டியம்மாவின் கண்கள் இடுங்கின. இத்தனை வருடத்துச் சந்தேகம் ஒரே நாளில் எங்கே போய்விடும்?

"உள்ளதைச் சொல்லு."

வாய்ப்பூட்டு தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் உப்பு கம்மிக்கா."

"எனக்குத் தெரியாம எத்தனையோ நாள் போட்டேல்ல. இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சே போடு" என்றார் கரண்டியம்மா. சொல்லிவிட்டு, அவள் டப்பாவில் கை வைக்கும்போதே, வேண்டுமென்று முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டுகளை எடுக்கப் போனார்.