கரிமுகனும் என் அப்பாவின் இடது கன்னமும்

மாலை ஐந்து மணியானால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சிரிப்பு கேட்கும், தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி. அது கேபிள் டிவி கார்ட்டூனில் தமிழ் பேசிய கரிமுகனின் சிரிப்பு. எல்லாக் குழந்தைகளும் பள்ளிப் பையை வீசிவிட்டு ஓடிப் போய் அதன் முன் உட்காருவார்கள். நான் மட்டும் எங்கள் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைப்பேன்.

நாமக்கல் பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய படக்கதைப் புத்தகங்களில்தான் கரிமுகன் முதலில் வந்தான். ஊரை எரிக்க வந்த வில்லன். இடது கன்னம் முழுக்கக் கறுப்பு மை. மட்டமான தாளில் அச்சானதால் அது தீக்காயமா, நிழலா, பிறவியிலேயே வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, திரைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அந்தக் கறுப்புக்கு அர்த்தம் சொன்னார்கள். மற்றவர்கள் எது சிறந்தது என்று பட்டிமன்றம் நடத்தலாம். எங்கள் வீட்டில் அது முடியாது. லாரி ஓட்டுநரான என் அப்பா செல்லமுத்து, நான் பிறப்பதற்கு முன்பே ஒரு மலைப்பாதையில் கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை அவசரப்பட்டுத் திறந்து, காது முதல் தாடை வரை வெந்து கறுத்த இடது கன்னத்தோடு திரும்பி வந்தவர். எனக்கு அதுதான் அப்பாவின் முகம். வேறு முகத்தை நான் பார்த்ததில்லை.

கார்ட்டூனில் வந்தவன் கோமாளி. தான் வைத்த தீயில் தானே மாட்டிக்கொள்வான். தெருப் பிள்ளைகள் அப்பாவைக் கண்டால் "கரிமூஞ்சி" என்று கத்திவிட்டுச் சிரிப்பார்கள். நான் கல்லெடுப்பேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க சாமி, உடு" என்பார். அவரும் கூடவே சிரித்துக்கொண்டுதான் போவார்.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது டப்பிங் படமாக அதே கரிமுகன் வந்தான். இந்த முறை சிரிப்பே இல்லை. குழந்தைகளைக் கடத்திக் கொல்கிறவன். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைக்குச் சோறூட்டும்போது, "தின்னுபோடு சாமி, இல்லாட்டி கரிமூஞ்சி மாமா வந்துருவாரு" என்று சொல்வது எங்கள் சமையலறை வரை கேட்கும். அப்பா முன்தெருவை விட்டுவிட்டுப் பின்சந்து வழியாக வர ஆரம்பித்தார்.

அந்த வருடம்தான் அவருடைய முதலாளி புது லாரி எடுத்தார். பாடி கட்டி முடித்த வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே எடுக்கும்போது பூசை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, ஓட்டுநர் அதை நசுக்கிக்கொண்டு கிளம்புவது வழக்கம். அப்பா வேட்டி சட்டையில் என்னையும் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தார். வண்டியின் பின்கதவில் திருஷ்டிக்காகப் பெயிண்டர் பூதத்துக்குப் பதில் கரிமுகனை வரைந்து வைத்திருந்தார். அப்போது அதுதான் மோஸ்தர். அப்பா அதைப் பார்த்துவிட்டு வண்டியின் முன்பக்கம் போனார். ஏறப் போனவரிடம் முதலாளி தயங்கித் தயங்கி வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க செல்லமுத்து, மொத எலுமிச்சம்பழத்த மட்டும் வேற ஆராச்சும் நசுக்கட்டும்ங்க. வீட்டுப் பொம்பளைங்க சகுனம் பாக்கறாங்க. அப்புறம் வண்டி உங்களுதுதானுங்க" என்றார்.

"ஆகட்டுங்க" என்று அப்பா சாவியைக் கற்பூரத் தட்டில் வைத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவிடம் கேட்டார்: "அந்த மூஞ்சி வண்டிக்குப் பின்னாடி இருந்தா திருஷ்டி போயிரும், முன்னாடி ஒக்காந்தா வந்துருமா?"

அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்த முதலாளி கெட்டவர் இல்லை என்பதால் அது இன்னும் கூடுகிறது. அப்பா பிறகு லாரி ஓட்டவே இல்லை. புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், வேலிக்குள்ளேயே டிராக்டர் ஓட்டும் வேலைக்குப் போய்விட்டார்.

சில வருடங்களுக்கு முன் வந்த படத்தில் கரிமுகன் பாவப்பட்டவனாகிவிட்டான். யாரோ செய்த அநியாயத்தில் வெந்தவன், தாயில்லாதவன். தியேட்டரில் அழுதுவிட்டு வந்த இளைஞர்கள் டீக்கடையில் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு செல்பி எடுத்தார்கள். "உங்களுக்கு ஆருங்கய்யா இப்படிப் பண்ணுனது?" என்று ஒருவன் கண் கலங்கக் கேட்டான். "ஆரும் பண்ணலீங்க, நானேதான் ரேடியேட்டர் மூடியத் தொறந்துட்டேன்" என்றார் அப்பா. பையனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. சிரித்தவர்கள், பயந்தவர்கள், அழுதவர்கள் எல்லோரும் அப்பாவைத் தாண்டி வேறு யாரையோதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். பேருந்து நிலையத்துப் புத்தகக் கடை இருந்த இடத்தில் இன்று கைப்பேசி உறை விற்கிறார்கள். கரிமுகன் மறுபடியும் வரப்போகிறானாம், இந்த முறை எப்படி இருப்பான் என்று அங்கே நின்று பேசிக்கொள்கிறார்கள்.

காரியத்துக்கு மாலை போட எங்களிடம் அப்பாவின் நேரான படம் ஒன்றுகூட இல்லை. கேமரா என்றாலே வலது கன்னத்தைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அவருடைய முழு முகம் இருப்பது பெயர் தெரியாத அந்தப் பையன்களின் கைப்பேசிகளில்தான். ஸ்டுடியோக்காரர் வலது கன்னத்தை வைத்தே கம்ப்யூட்டரில் இடது கன்னத்தையும் செய்து, பளபளவென்று சட்டம் போட்டுக் கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். "ஆரு சாமி இது?"