அரிசிம்பருப்பும் ஒரு சிட்டிகைக் கோதுமையும்

போன தீபாவளிக்குப் பேத்திக்குத் தைத்த பாவாடை இந்தத் தீபாவளிக்கும் நீளம் சரியாக இருந்தது. இடுப்பில் மட்டும் நாடா முடிச்சுப் போட எட்டவில்லை. எங்கள் வீட்டில் நோய் முதலில் இப்படித்தான் தலைகாட்டியது.

"நல்லதாப் போச்சு, புதுசு எடுக்க வேண்டாம்," என்று என் மகள் கவிதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வயதுப் பெண் ஒரு வருடமாக உயரவில்லை, வயிறு மட்டும் பெருத்திருக்கிறது. கை கால்கள் குச்சி, வயிறு தவில். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் ஈரோட்டில் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. மனைவி போன பிறகு நியூ ஜெர்சிக்கு, எடிசன் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போவதால் பேத்தி தாரிணிக்குச் சோறு ஊட்டுவது என் பொறுப்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவளுக்கு நான் அப்பச்சி, எனக்கு அவள் அம்மிணி.

தாரிணி சாப்பிடும் பொருட்கள் மொத்தம் ஏழு. சட்னி தொடாத இட்லி, தோல் சீவிய வெள்ளரிக்காய், வாழைப்பழம், ஓரம் வெட்டிய ரொட்டி, வெறும் பாஸ்தா, மேலே எதுவும் போடாத பீட்சா, அப்புறம் அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேகவைக்கும் எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சோறு. எட்டாவதாக ஒன்றைத் தட்டில் வைத்தால் தட்டையே நகர்த்திவிடுவாள். அடம் என்று நினைத்தோம். வளர்ந்தால் சரியாகும் என்று எல்லாரும் சொன்னார்கள். வளரவில்லையே என்பதுதான் என் கவலை.

குடல்நோய் மருத்துவர் ஓர் இளம் பெண். இரத்தத்தில் ஓர் எதிர்ப்பான் அளவு (உடல் தன்னையே தாக்கும்போது ஏறும் பொருள்) பார்த்தார். அதிகம். பிறகு மயக்க மருந்து கொடுத்து உள்நோக்கி (வாய் வழியாகச் செலுத்தும் கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வைத்துச் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்தார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்துக் கூரையில் எத்தனை விளக்குகள் என்று அன்று நான் எண்ணி முடித்துவிட்டேன். வேறென்ன செய்வது?

நோயின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இந்தக் குழந்தைகளின் சிறுகுடல் தன் உறிஞ்சிகளை (சத்தை இழுத்துக்கொள்ளும் நுண்ணிய விரல் போன்ற அமைப்புகள்) இழந்து வழவழவென்று ஆகிவிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது. மருந்து கிடையாது. குளூட்டனை முழுதாக நிறுத்தினால் உறிஞ்சிகள் தாமே திரும்ப முளைக்கும். "குணமாகும்" என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். அதை இந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏழில் மூன்று போயிற்று. மிச்சம் நான்கு.

கவிதா அடுக்களையைக் கவிழ்த்துப் போட்டாள். பழையதில் கோதுமை ஒட்டியிருக்கும் என்று தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி எல்லாம் புதிது. ரவை டப்பாவைக் குப்பையில் கொட்டியபோது நான் தடுத்தேன்.

"ரவையுமா?"

"ரவைன்னா என்னன்னு நெனச்சீங்கப்பா? அது மரத்துலயா காய்க்குது?"

நியாயமான கேள்வி. எழுபத்திரண்டு வயதுவரை நான் ரவையைக் கோதுமையோடு சேர்த்து நினைத்ததே இல்லை. நம்மவர்களுக்குக் கோதுமை என்றால் சப்பாத்தி. ரவை ரவைதான், சேமியா சேமியாதான். கோயிலில் ஓர் அம்மா தாரிணிக்குக் கேசரி நீட்டி, "கோதுமையெல்லாம் போடல அங்கிள், வெறும் ரவையும் நெய்யுந்தான்," என்று நல்ல மனதோடு சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எதிர்ப்பான் அளவு இறங்கவே இல்லை. எடையும் ஏறவில்லை. எங்கிருந்தோ குளூட்டன் உள்ளே போகிறது என்றார் மருத்துவர். அடுத்த முறையும் எடை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சத்து ஏற்றுவதைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். காரில் திரும்பி வரும்போது பின் இருக்கையில் தாரிணி வாழைப்பழத் தோலில் நகத்தால் பொம்மை வரைந்துகொண்டிருந்தாள்.

நான் சந்தேகப்படாத இடம் இல்லை. பள்ளிப் பேருந்தின் இருக்கை, பக்கத்துப் பையனின் பிஸ்கட் தூள், வகுப்பில் பொம்மை பிசையக் கொடுக்கும் விளையாட்டு மாவு. தினமும் மாலை அரிசிம்பருப்பு சாப்பிட்டதும் அவள் வயிறு உப்பும். பருப்பு வாயு என்று நினைத்து மோரில் தாராளமாகப் பெருங்காயம் கரைத்துக் கொடுப்பேன். வலி அதிகமானால் தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்றும் போடுவேன். வயிற்று வலிக்குப் பெருங்காயம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து உண்டா?

தாரிணி அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றிருந்தாள். கடைக்குப் போனால் பெட்டி பெட்டியாகத் திருப்பிக் கோதுமையைத் தேடுவது அவளுக்குத் துப்பறியும் விளையாட்டு. ஒரு சாயங்காலம் நான் மோர் கலக்கும்போது மேடையில் ஏறி உட்கார்ந்து மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"அப்பச்சி, ஸ்டாப்! இதுல வீட் இருக்கு."

"பெருங்காயத்துலயா? அது மரத்துப் பிசின் அம்மிணி. பேசாமக் குடி."

"டபிள்யூ, ஹெச், ஈ, ஏ, டி. ஐ கேன் ரீட், யூ நோ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெருங்காயப் பிசினை அப்படியே விற்பதில்லை. மாவில் கலந்துதான் தூளாக்குகிறார்கள். டப்பாவின் பின்புறம் கடுகளவு எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது, பட்டியலில் பெருங்காயத்துக்கும் முன்னால்.

கவிதா மாடியிலிருந்து ஓடி வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். சாம்பார், ரசம், அரிசிம்பருப்பு என்று, இட்லிக்கு ஊற வைக்கும் உளுந்தைத் தவிர அந்த வீட்டில் பெருங்காயம் தொடாத பொருள் இல்லை. "போச்சு! நாமளே தெனமும் ஊட்டியிருக்கோம்," என்று தரையில் உட்கார்ந்தவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான். மாப்பிள்ளை செந்தில் என் தோளைத் தொட்டு, "விடுங்க மாமா. கள்ளன கண்டுபுடிச்சாச்சுல்ல? அதுவும் ஃபர்ஸ்ட் கிரேடு போலீஸ்," என்றார்.

போலீஸ் மேடையில் கால் ஆட்டிக்கொண்டிருந்தது. "டூ ஐ கெட் எ ப்ரைஸ்?"

மறுநாளே மருத்துவருக்குச் செய்தி அனுப்பினோம். தினம் ஒரு சிட்டிகை போதும், குடல் ஆறாமல் இருக்க என்று பதில் வந்தது. ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கும் இந்தியக் கடையில் அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைத்தது. நான்தான் சுமந்து வந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. புதுப் பெருங்காயம் போட்ட அரிசிம்பருப்பைத் தாரிணி முகர்ந்தாள். தட்டு நகர்ந்தது.

"இது நம்ம சோறு இல்ல."

நம்மதான் என்று சத்தியம் செய்தேன். கெஞ்சினேன். "ஒரே ஒரு வாய்" என்றேன். வாயை இறுக்கிக்கொண்டாள். நான்கு மூன்றானது. அவள் சாப்பிட்டதில் துவரம்பருப்பும் நெய்யும் இருந்த ஒரே சாப்பாடு அதுதான். அது போனால் எடை எப்படி ஏறும்? எனக்கு அந்தக் குழாய் கண்முன்னாலேயே தொங்கியது.

மருத்துவமனையில் உணவுப் பயிற்சியாளர் (சாப்பிட மறுக்கும் குழந்தைகளைப் பழக்குபவர்) ஒருவர் இருந்தார். நான் ஊட்டுவதை ஓரமாக நின்று பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்கள் வாய்விட்டு எண்ணுகிறீர்கள், தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று நான் கவளங்களை எண்ணி முணுமுணுப்பது தாரிணிக்குக் கேட்கிறதாம். குழந்தை சோற்றைப் பார்க்காமல் என் வாயைப் பார்க்கிறதாம். "சாப்பிடச் சொல்லாதீர்கள். முகரட்டும், தொடட்டும், துப்பட்டும். தேர்வு அவளுடையதாக இருக்கட்டும்," என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொள்ள ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அடுக்களையில் போட்டி நடந்தது. மூன்று சிறு குக்கர், மூன்று விதமான அரிசிம்பருப்பு. ஒன்றில் புதுப் பெருங்காயம், ஒன்றில் சீரகம் அதிகம். மூன்றாவதில் பெருங்காயமே இல்லாமல், பூண்டை நசுக்கி நெய்யில் சிவக்க வறுத்துக் கொட்டியிருந்தாள் கவிதா. தாரிணி நீதிபதி. கழுத்தில் என் துண்டைச் சுற்றிக்கொண்டு, அப்பாவை எழுந்து நின்று வணக்கம் சொல்ல வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முகர்ந்தால் போதும்.

முதல் தட்டு: "நோ." இரண்டாவது: "சோப்பு." மூன்றாவதில் மூக்கு நின்றது. மறுபடி முகர்ந்தாள்.

"அம்மா, இது பீட்சா வாசம்!"

நோய் பறித்துக்கொண்ட மூன்றில் ஒன்று அது. பூண்டும் நெய்யும் சேர்ந்தால் அந்த வாசம் வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. விரலால் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் கூரையைப் பார்த்தோம். கரண்டிச் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது.

"திஸ் இஸ் பீட்சா சோறு," என்று தீர்ப்பு சொன்னாள்.

"அரிசிம்பருப்பப் போயி பீட்சாங்கறியே, ஈரோட்டுல கேட்டா அடிப்பாங்க அம்மிணி."

"தென் டோன்ட் டெல் ஈரோடு," என்றாள், வாய் நிறையச் சோற்றோடு. "இன்னும் கொஞ்சம் போடுங்க."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதற்கு முன் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. செந்தில் திரும்பி நின்று தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

பூண்டு வாசத்தின் கைப்பிடித்து மற்றவையும் வந்தன. பூண்டு நெய் தடவிய தோசை, அப்புறம் உருளைக்கிழங்கு, ஒரு நாள் யாரும் கேட்காமலே பச்சைப் பட்டாணி. அடுத்த பரிசோதனையில் எதிர்ப்பான் அளவு பாதிக்கும் கீழே வந்திருந்தது. எடை ஏறியிருந்தது. குழாய்ப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்றார் மருத்துவர். முழுதாக ஆற இன்னும் காலம் ஆகும், உணவுக் கட்டுப்பாடு வாழ்நாள் முழுக்க இருக்கும். இருக்கட்டும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம். மருந்து என்று நினைத்துக் கொடுப்பதன் டப்பாவையும் திருப்பிப் படியுங்கள். ஊறுகாய், இட்லிப் பொடி, கடைச் சாம்பார்ப் பொடி எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கும். படிக்கத் தெரிந்த குழந்தையிடம் டப்பாவைக் கொடுங்கள், அவர்கள் கண் நம்முடையதைவிட நல்லது.

மாலைகள்தான் இப்போது பழகவில்லை. முன்பெல்லாம் சோறு ஊட்டுவதிலேயே வெளிச்சம் போய்விடும். இப்போது தாரிணி தானே சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே ஓடிவிடுகிறாள். வயிறு ஒட்டி, கால் நீண்டு, ஓடும்போது வேறு குழந்தை மாதிரி இருக்கிறாள். கையில் இவ்வளவு பொழுதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

போன வாரம் எனக்கே பசித்தது. அவளுக்கு முடித்துவிட்டு ஆறிப்போனதை நின்றபடி விழுங்கித்தான் இத்தனை நாள் என் சாப்பாடு நடந்திருக்கிறது. அன்று உட்கார்ந்து, இறக்கிய சூட்டோடு ஒரு கவளம் வாயில் வைத்தேன். நாக்கு பொத்துவிட்டது.

"ஏனுங்கப்பா, ஊதிச் சாப்பிடக் கூடாதா?" என்றாள் கவிதா.

"மறந்து போச்சு சாமி," என்றேன். ஜன்னலுக்கு வெளியே, "அப்பச்சி, கம் ஃபாஸ்ட்!" என்று கத்தினாள் தாரிணி. எரியும் நாக்கோடு இரண்டாவது கவளத்தை ஊதினேன். அவள் காத்திருக்கட்டும். என் சோறு சூடாக இருந்தது.