நாற்காலியில் அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகம்

இருபது ஆண்டுகளாக என் வண்டிகளைப் பழுதுபார்த்துவந்த அந்தோணியை, நாலு பேர் எதிரில் நான் திருடன் என்றேன். அவர் திருடவில்லை. நான்தான் முட்டாள். ஆனால் அன்று அந்தப் பட்டங்கள் இடம் மாறி வழங்கப்பட்டன… வழங்கியவன் நான்.

நீங்கள் என்னை வாரப் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். ஏமாந்தவர்களைப் பற்றி வேடிக்கையாக எழுதுகிறவன். இந்த ஒருவனைப் பற்றி மட்டும் இதுவரை எழுதவில்லை.

நான் இருப்பது விழுப்புரம். அந்தோணியின் ஷெட் திண்டிவனத்தில், மரக்காணம் போகும் சாலையில். 1993-இல் மயிலம் கூட்டுரோட்டில் என் ஸ்கூட்டர் கிளட்ச் ஒயர் அறுந்து நின்றது. மனைவியோடு மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து சரிசெய்துகொடுத்தார். அவர்தான் அந்தோணி. அதன்பிறகு என் வண்டிகளில் வேறு கை பட்டதில்லை. நடுவே எத்தனை மெக்கானிக்குகள்! அத்தனை பேரையும் தாண்டிப் போவேன்.

2014-இல், காரின் கோளாறைக் கைபேசியில் சொல்லும் ஸ்கேனர் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.

என் காருக்கு அப்போது பதினான்கு வயது. பழைய வண்டிக்கு இது வேலை செய்யுமா என்ற ஐயம் எனக்கும் வந்தது… வராமல் இல்லை! சோதித்தும் பார்த்தேன். எப்படி என்கிறீர்களா? ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சோதனை முடிந்தது.

பேட்டரி மின்சாரம் கிடைத்தால் எந்த விளக்கும் எரியும் என்பது, பட்டம் பெற்றவனுக்குத் தோன்றவில்லை. கைபேசி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது, ஓகே என்றேன். மறுபடி எதையோ கேட்டது, அதற்கும் ஓகே! உடனே திரையில் முட்கள் ஆடின. எஞ்சின் வெப்பம் எண்பத்தெட்டு. கோளாறு எதுவும் இல்லை.

அதே வாரம் காரில் வெள்ளைப் புகை வந்தது. அந்தோணியிடம் கொண்டுபோனேன். அவர் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார்.

“காப்பி மாதிரி கீது பாருங்க சார். ஆயில்ல தண்ணி கலந்துகினு கீது. ஹெட்டப் பிரிச்சிதான் ஆவணும். ஒரு வாரம் வுட்டுட்டுப் போங்க.”

எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா! என் பையில் இருக்கும் கருவி ஒன்றுமில்லை என்கிறதே… இவர் ஏன் பொய் சொல்கிறார்? இருபது ஆண்டுகளும் இப்படித்தானா? என் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் முதல் பத்திரிகை அவருக்கு வைத்தவன் நான். துரோகம் என்ற சொல்லை அதுவரை புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அன்று அதை நேரில் பார்ப்பதாக நம்பினேன்.

சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, கைபேசியை உயர்த்திப் பிடித்தேன். மரக்காணத்திலிருந்து மீன் வேன் கொண்டுவந்திருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா அந்தோணிண்ணே, போனுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரிலியா?”

ஷெட்டில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அங்கேதான் விழுந்தேன். சிரிக்க ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

“ஊர்ல எத்தனை பேரோட எஞ்சினை இப்படிப் பிரிச்சித் திருடினே, அந்தோணி?”

‘நீங்க’ என்றே பேசிவந்தவன், அன்று ‘நீ’க்கு இறங்கினேன். இன்னொரு சிரிப்பு கிடைத்தது. மீன் வேன் டிரைவர் மட்டும் சிரிக்காமல், தம் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்தோணி கைபேசியை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். தம் விரல் கிரீஸ் திரையில் பட்ட இடத்தைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பானட்டை மூடினார்.

“எடுத்துக்கினு போங்க சார்.”

குற்றவாளியின் மௌனம் என்று அதற்குப் பெயர் வைத்தேன்… எவ்வளவு கெட்டிக்காரன் நான்!

அடுத்த ஞாயிறு மைத்துனர் வந்திருந்தார். பெருமை காட்டுவதற்காகக் கைபேசியைத் திறந்தேன். வேகம் அறுபத்திரண்டு கிலோமீட்டர். எஞ்சின் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் இருந்தேன். கார் வெளியே வேப்பமரத்தடியில். ஸ்கேனர் என் உள்ளங்கையில்!

திரையின் மூலையில் சிறிய எழுத்தில் ‘டெமோ’ என்றிருந்தது. அத்தனையும் கைபேசி தானாகக் காட்டும் மாதிரி எண்கள். என் காரோடு அந்தக் கருவி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அப்போதே திண்டிவனத்துக்கு ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. மாறாக, காரை மெல்ல உருட்டிக்கொண்டு விழுப்புரத்திலேயே வேறொருவரிடம் போனேன். அவர் ஹெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவ்ளோ தூரம் வுட்டு வெச்சிக்கிறீங்க. முன்னாடி பாத்தவரு எதுவும் சொல்லலியா?”

“இல்லை” என்றேன்.

கேளுங்கள், என் குற்றம் இதுதான். ஷெட்டில் சொன்னது அறியாமை என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாடுவேன். இந்த ‘இல்லை’க்கு என்னிடம் வாதம் கிடையாது. தெரிந்தே சொன்னேன்!

மூன்று ஆண்டுகள் திண்டிவனம் வழியாகப் பேருந்தில்தான் போனேன். ஷெட் சாலைப் பக்கம் இறங்கியதே இல்லை. அந்த மீன் வேன் இப்போது அந்தோணிக்கு எதிரே இருந்த இன்னொரு ஷெட்டில் நிற்பதாக யாரோ சொன்னார்கள். அதன்பிறகு உறக்கம் என்னோடு ஒத்துழைக்கவில்லை.

ஒருநாள் போனேன். அந்தோணி ஒரு ஆட்டோவின் அடியிலிருந்து வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: டெமோ, நாற்காலி, அந்த ‘இல்லை’ வரைக்கும்.

“டெமோன்னு அன்னிக்கே பாத்துட்டேன் சார்” என்றார்.

“பார்த்தீங்களா! அப்புறம் ஏன் சொல்லலை?”

“இன்னாத்த சொல்றது? இங்கிலீஷ் படிச்ச மனுசன், தெரிஞ்சிதான் காட்டறாருன்னு நெனச்சிக்கினேன். என்னக் கழட்டி வுட ஒரு சாக்கு தேட்றாரு, தேடிக்கினு போவட்டும்னு வுட்டுட்டேன்.” கை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்போ நெஜமாவே நீங்க அதப் படிக்கலியா?”

“இல்லை, அந்தோணி.”

“மூணு வருசமா ஒங்கள துரோகின்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதுக்குக்கூட லாயக்கில்லாத ஆளா ஆயிட்டீங்களே சார்” என்று சொல்லிவிட்டு, மறுபடி ஆட்டோவுக்கு அடியில் போய்விட்டார்.