பிரதி எடுக்காமலிருப்பது குற்றம்

பாயான் பாரு அடுக்குமாடியில் லாரன்ஸ் காலையிலிருந்து கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். 'ஆட்சேபிக்கிறேன்' என்ற கட்டத்தை அழுத்த வேண்டும். ஆட்சேபம் செல்லாமல் போனால் இணையத்திலுள்ள சேனலையே மூடிவிடுவோம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் லிட்டில் இந்தியாவில் கேசட் கடை வைத்திருந்தவர் அவர். வெறுமனே விற்றுக்கொண்டிருக்காமல், தைப்பூசத்துக்கென்று முருகன் பாடல்களைச் சொந்தமாக வெளியிட்டார். கத்தோலிக்கனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடம், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிறவர்கள் எல்லாரும் என் வாடிக்கையாளர்கள்தானே என்பார். பாடியது அவர் மனைவி கிளாரிஸ். மாதா கோயில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். முருகன் பாட்டுப் பாடினாள் என்று குழுவில் யாராவது வாய்க்கு வந்தபடி பேசுவார்களே என்று பயந்து, அட்டையில் பெயர் போட விடவில்லை. 'குழுவினர்' என்று மட்டும் அச்சடித்தார்கள்.

வெளியான வாரமே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கள்ளப் பிரதி வந்துவிட்டது. லாரன்ஸ் கொதித்துப்போய் ஒன்றை வாங்கி, ஆதாரம் ஆதாரம் என்று அலுவலகம் அலுவலகமாகக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அதோடு சரி. பிறகு கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போனது, கடையும் போனது. மிச்சச் சரக்கு வெள்ளத்தில் ஊறியது, மூல நாடாவைப் பூஞ்சை தின்றது. கடைசியில் மிஞ்சியது அந்தக் கள்ளக் கேசட் மட்டும்தான். திருடனுக்கு நன்றி சொல்ல வேண்டிய காலமும் வந்தது.

போன வருடம் கிளாரிஸுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. பேசினால் இப்போது காற்றுதான் வருகிறது. இந்தத் தைப்பூசத்துக்காவது அவள் குரல் அவள் பெயரோடு வெளியே கேட்க வேண்டும் என்று லாரன்ஸ் பிடிவாதம் பிடித்தார். இந்த முறை அவளும் வேண்டாமென்று தலையாட்டவில்லை. மகள் கிளாடிஸ் கேசட்டிலிருந்து பாட்டுகளை எடுத்து இணையத்தில் ஏற்றினாள். மறுநாளே அறிவிப்பு வந்தது. அந்தப் பாடல்களின் உரிமை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்துக்காம். பாடியவர் என்று யாரோ ஒருத்தியின் பெயர்.

"யாருப்பா இது?"

"எனக்கு எப்படிமா தெரியும்? எவனோ திருடி, அவன்கிட்ட இன்னொருத்தன் வாங்கி, கடைசியில நான் திருடன்."

"ப்ரூஃப் கேக்கறாங்கப்பா. மாஸ்டர் இல்ல, கவர்ல அம்மா பேரும் இல்ல. சும்மா டிஸ்பியூட் பண்ணா சேனல் போயிரும்லா."

தைப்பூசம் அடுத்த வாரம். என்ன ஆச்சு என்று கிளாரிஸ் சமையலறையிலிருந்து கையால் கேட்கும்போதெல்லாம், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொய் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

வேறு வழி தெரியாமல் கேசட்டை மறுபடி போட்டார். "எல்லாத்தையும் ஏத்திட்டியாமா?"

"பாட்டு எல்லாம் ஏத்திட்டேன். கடைசியில நீங்க என்னமோ பேசுறீங்க. அத வெட்டிட்டேன்."

லாரன்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பேச்சை அவர் மறந்தே போயிருந்தார். உண்மையில், மறக்கப் பாடுபட்டிருந்தார். கள்ளப் பிரதிக்காரர்களை மிரட்ட, ஒலிப்பதிவுக் கூடத்தில் தானே குரலை உயர்த்திச் சொன்ன எச்சரிக்கை அது. வாய் தவறியதை வெட்டாமல் விட்ட கூத்து, பிரதிகள் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. கடைத்தெரு முழுக்க வருடக்கணக்கில் கேலி செய்தது: "அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதானே எடுத்தோம்."

நாடாவைக் கடைசிக்கு ஓட்டினார். அவருடைய இளம் குரல் கம்பீரமாக முழங்கியது: "இந்தக் கேசட்டைப் பிரதி எடுக்காமலிருப்பது சட்டப்படி குற்றம்."

ஒரு கணம் இரைச்சல். பிறகு ஒரு பெண்ணின் சிரிப்பு. "ஐயோ, மாத்திச் சொல்லிட்டீங்க."

"பரவால்ல கிளாரிஸ், டேப்பு ஓடுது."

டக்கென்று நின்றது.

சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது. கிளாரிஸ் வாசலில் வந்து நின்றாள். மாத்திச் சொல்லிட்டீங்க என்று அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அப்பா, அம்மா பேரே இருக்கு" என்றாள் கிளாடிஸ். அந்தப் பேச்சைப் பதிவு செய்து கைபேசியில் ஆட்சேபத்தோடு இணைத்தாள்.

லாரன்ஸ் இன்னும் கட்டத்தை அழுத்தவில்லை. கேட்கப்போகிறவனுக்குத் தமிழ் தெரியாவிட்டால்? தெரிந்தும் சிரித்துவிட்டுத் தள்ளிவிட்டால்? அப்புறம் சேனலும் இல்லை, குரலும் இல்லை.

கிளாரிஸ் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கைபேசியை அவர் கையிலிருந்து வாங்கினாள். பாடியவர் என்ற இடத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் கட்டத்தை அழுத்தினாள்.