ஒன்பதாவது மீன்

தண்ணீரைச் சோதிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் உட்கார்ந்து, கொதிகலனுக்குப் போகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் என் பேச்சைக் கேட்கும். எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் நிற்கிற தண்ணீர் மட்டும் ஒன்றரை வருடமாக என் பிராணனை வாங்குகிறது.

வெள்ளைப்புள்ளி நோய். மீன் வளர்ப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் மீனின் வாலில் ரவை ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு புள்ளி தெரியும். மறுநாள் பத்து. அதற்கடுத்த நாள் மீன் முழுக்க ரவை. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு ஒட்டுண்ணி உட்கார்ந்து மீனைத் தின்றுகொண்டிருக்கும். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் போய் நூற்றுக்கணக்கில் குட்டி போடும். குட்டிகள் நீந்தி வந்து திரும்ப மீன்மேல் ஏறும். அவை நீந்துகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மருந்து அவற்றைக் கொல்லும். புள்ளி மறைந்துவிட்டதே என்று மருந்தை நிறுத்துகிற அவசரக்காரர்கள் ஏமாந்து போவார்கள். நான் அவசரக்காரி இல்லை. நோட்டுப் போட்டு, தேதி எழுதி, புள்ளி மறைந்து இரண்டு வாரம் வரைக்கும் மருந்து ஊற்றினேன்.

ஹீட்டர் வாங்கிப் போட்டேன். கல் உப்பை எடைபோட்டுக் கரைத்தேன். நீல மருந்தால் என் விரல்கள் நீலமாகி, ஆய்வகத்தில் கேலி பேசினார்கள். தினமும் ட்யூப் போட்டு அடித்தண்ணீரை உறிஞ்சி எடுத்தேன். நோய் போகும். மூன்று வாரம் நிம்மதி. அப்புறம் ஒரு நாள் காலையில் ஏதாவது ஒரு வாலில் ரவை.

குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். செடியைப் பிடுங்கி எறிந்தேன். தொட்டியிலிருந்த கூழாங்கற்களை எல்லாம் இட்லிப் பானையில் போட்டு வேகவைத்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னாமா, இன்னிக்கி நாஷ்டா இதுதானா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த மனிதர் தொட்டிக்குள் கைவிட்டே பார்த்ததில்லையே, இவரிடம் ஏன் காய வேண்டும் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. பைக்கில்தான் போவார், வருவார். கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக ஓடுகிற ரோடு அது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மீஞ்சூர் தாண்டி ஒரு டிரெய்லர் உரசியதில் பைக்கோடு மண்ணில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு எழுந்துவிட்டார். பையிலிருந்து தெறித்து ரோட்டில் விழுந்த டிபன் டப்பாமேல் டிரெய்லரின் பின்சக்கரம் ஏறிப் போனது. தட்டு மாதிரி ஆகிவிட்ட அந்த டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

அன்று காலையில்தான் எங்கள் தொட்டியில் இருந்த கறுப்பு மீன் செத்திருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த தொட்டி. வாஸ்துக்காக எட்டு தங்க மீன், ஒரு கறுப்பு மீன் என்று ஒன்பது விட்டிருந்தார்கள். மேல் வீட்டு அம்மா ஓடி வந்து, இவருடைய முழங்கையையும் டப்பாவையும் பார்த்துவிட்டு, "உனுக்கு வந்தத அது வாங்கினு போயிடுச்சு தம்பி. எண்ணிக்கைய மட்டும் கொறைய வுடாத" என்றார். அன்று சாயங்காலமே இவர் கட்டுப்போட்ட கையோடு போய் ஒரு கறுப்பு மீன் வாங்கி வந்து தொட்டியில் விட்டார். நசுங்கின டப்பாவைத் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டில் வைத்தார். விழுந்து எழுந்த மனிதர், ஏதோ செய்துவிட்டுப் போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். முதல் வெள்ளைப்புள்ளி அதற்கு அடுத்த வாரம் வந்தது. நோட்டில் தேதி எழுதத் தெரிந்த எனக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

குட்டு வெளிப்பட்டது வால் கிழிந்த மீனால். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ நோய் வந்தபோது, ஒரு தங்க மீனுக்கு வால் கந்தலாகிவிட்டது. இரண்டு நாளில் போய்விடும் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் வால் முழுசாக, விசிறி மாதிரி விரிந்திருக்கிறது. மருந்து வேலை செய்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு பூரிப்பு. மேல் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டக்கூடச் செய்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. காலையில் கந்தலாக இருந்த வால் சாயங்காலத்துக்குள் எப்படி முளைக்கும்? நேராகக் கீழே போய் இவருடைய பைக் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மீன் கடைக்காரர்கள் மீன் போட்டுத் தருகிற பிளாஸ்டிக் பைகள், ரப்பர் பேண்டோடு, மடித்து மடித்து வைத்திருந்தன.

"இன்னாங்க இது?" என்று பைகளை அவர் முன்னால் போட்டேன்.

தலையைச் சொறிந்தார். "ஒண்ணு செத்தா ஒண்ணு வாங்கினு வந்து வுட்டேன். நீ ஃபேக்டரிக்குப் போன அப்பாலதான்."

"எத்தினி?"

"யாரு எண்ணுனா? ஏழு, எட்டு இருக்கும்."

ஒன்றரை வருடம் நான் கல்லை வேகவைத்துக்கொண்டிருந்தேன். இவர் கடைத்தொட்டியில் இருக்கிற நோயை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பையில் கட்டிக்கொண்டு வந்து ஊற்றிக்கொண்டிருந்தார். தொண்டை வறளக் கத்தினேன். அறிவு இருக்கா என்று கேட்டேன். அவர் திருப்பிச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மெதுவாக, "எட்டு மீன வெச்சிக்கினு அந்த ரோட்டுல எப்டிமா போறது?" என்றார்.

ஆனாலும் நான் விடவில்லை. அந்த முறை ஒன்று செத்து எட்டு ஆனதும் சத்தியம் வாங்கினேன். நாற்பத்தைந்து நாள் புது மீன் கிடையாது. அதற்கப்புறம் வாங்கினாலும், குளியலறையில் ஒரு பக்கெட்டில் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். சரி என்றார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, காற்றுக் குழாய் மாட்டித் தயாராகவும் வைத்தேன்.

தினமும் தொட்டிப் பக்கம் திரும்பாமல் கிளம்பினார். யார்டுக்குப் போனதும் "சேந்துட்டேன்" என்று ஒரு போன். வேலை முடிந்ததும் "கெளம்பிட்டேன்" என்று ஒரு போன். நான் ஆய்வகத்தில் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் சரியாக அடிக்கும். எண்ணிக்கை தப்பி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இது என்ன கழுத்தறுப்பு என்று பல்லைக் கடிப்பேன். ஆனால் இருபதாவது நாள் போன் பத்து நிமிஷம் தாமதமானபோது, கையில் வேலை ஓடவில்லை.

மருந்து வேலை செய்தது. எட்டு மீனும் பளபளவென்று சுற்றின. வாலில் ஒரு பொட்டுக்கூட இல்லை. முப்பத்தெட்டாவது நாள் வரைக்கும்.

அன்று காலையிலிருந்தே மழை. மதியத்துக்குமேல் "கெளம்பிட்டேன்" என்று போன் வந்தது. நான்கு மணிக்கு வர வேண்டியவர் ஐந்தரைக்கும் வரவில்லை. அவருடைய போன் அணைந்திருந்தது. கூட வேலை செய்கிறவரைக் கூப்பிட்டால், "அவரு அப்பவே போய்ட்டாரே, இன்னும் வர்லியா?" என்றார். குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். முனையிலிருந்து பஜாருக்குப் போனேன். ரோட்டைப் பார்க்கத்தான் போனேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் போய் நின்றது மீன் கடை வாசலில்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னாக்கா, அண்ணன் வர்லியா? எப்பவும் அவருதான வருவாரு. கோல்டா, பிளாக்கா?"

"கோல்டு" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். குளியலறையில் பக்கெட் தயாராக இருந்தது. காற்றுக் குழாய் அதில் குமிழ் விட்டுக்கொண்டிருந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. நாலு எட்டு வைத்தால் பக்கெட். நான் தொட்டி மூடியைத் திறந்து, ரப்பர் பேண்டை அவிழ்த்து, கடைத்தண்ணீரோடு சேர்த்து மீனை அப்படியே கொட்டினேன். பிறகு ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினேன். அவை ஓடிக்கொண்டே இருந்ததால் மூன்று முறை எண்ண வேண்டியிருந்தது.

ஏழு மணிக்கு முன்னால் பைக் சத்தம் கேட்டது. தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். "ஒரே பேஜாருமா. மீஞ்சூராண்ட டிரெய்லரு ஒண்ணு குறுக்க நின்னுகினு ரோடே ஜாம். போன்ல சார்ஜு வேற இல்ல" என்றார். மூன்று மணி நேரம் பயந்ததை எல்லாம் சேர்த்து அவரைத் திட்டித் தீர்த்தேன். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டியபடியே அவர் தொட்டியைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் தொட்டி ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறாவது நாள் காலையில் புது மீனின் வாலில் ரவை.

"வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு."

அவரே சமையலறைக்குப் போய்க் கல் உப்பு டப்பாவை எடுத்து வந்தார். நான் நோட்டில் தேதி எழுதினேன். உப்பை எடைபோடும்போது பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, "திரும்பவும் நாப்பத்தஞ்சு நாளா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நடுவுல ஒண்ணு செத்துச்சுன்னா? வாங்கக் கூடாதா?"

கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான்தான். உப்பு கரைந்து முடிந்த பிறகும் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தேன்.