சுவரில் பேர் மட்டும் பாக்கி

தேர்தல் வருகிற நேரத்தில் எதிர்க்கட்சி தன் தலைவரை மாற்றலாமா, கூடாதா? டி.வி.யில் நாலு பேர் தினமும் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். நான் அதே விவாதத்தைக் குற்றாலத்தில் ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டே கேட்டேன். டி.வி.யெல்லாம் பக்கத்தில் வர முடியாது... அப்படி ஒரு விறுவிறுப்பு!

ஞாயிற்றுக்கிழமை. நல்ல சாரல். கடையத்திலிருந்து காரில் வந்த இரண்டு சிநேகிதர்கள் தென்காசியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மெயினருவியில் தலையைக் கொடுத்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது — சைரன் அடித்துவிட்டது. தண்ணீர் கூடிவிட்டதாம். போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே விரட்டினார். சட்டையோ காரில், காரோ வெகு தூரத்தில். எப்படியும் திரும்பத் திறந்துவிடுவார்கள் என்று ஒரு பெருங்கூட்டம் துண்டோடு நின்றது. நாங்களும் நின்றோம்.

சிநேகிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் கோயில்பிள்ளை. என்னோடு காலேஜில் படித்தவர், உரக்கடை வைத்திருக்கிறார். எதிர்க்கட்சியில் கிளைச் செயலாளர். இன்னொருவர் பாத்திரக்கடை முருகையா. அவரும் அதே கட்சிதான்.

கோயில்பிள்ளைக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். தேர்தல் என்றால் சுவர் எழுத ஆள் வைக்கவே மாட்டார், ஏணியும் பிரஷ்ஷுமாகத் தானே கிளம்பிவிடுவார். இந்தத் தடவையும் மற்ற கட்சிகள் முழித்துக்கொள்வதற்குள் கடையம் ரோட்டில் இருக்கிற நல்ல சுவர்களையெல்லாம் பிடித்தாயிற்று. சின்னம் வரைந்தாயிற்று. 'வருங்கால முதல்வர்' என்று பெரிதாக எழுதியாயிற்று. அதற்குக் கீழே மட்டும் வெறும் வெள்ளை!

ஏன் பேரை விட்டுவிட்டீர் என்று போன வாரமே கேட்டிருந்தேன். தென்காசியில் கட்சியின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப் போகிறது, தலைமையைப் பற்றித் தொண்டர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க மேலிடத்துப் பார்வையாளர் வருகிறார், அது முடியட்டும் என்றார். அதே கூட்டத்தில் ஒன்றியச் செயலாளர் யார் என்பதும் அறிவிக்கப்படுவதாக இருந்தது. கோயில்பிள்ளை எத்தனையோ வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கும் பதவி அது. இந்த முறை அவருக்குத்தான் என்று ஊரே சொல்லிவிட்டது. கூட்டம் மறுநாள் திங்கட்கிழமை.

சும்மா நடுங்கிக்கொண்டு நிற்பானேன் என்று விவாதத்தை நான்தான் ஆரம்பித்து வைத்தேன். தேர்தல் நெருங்கும்போது தலைவரை மாற்றுவது பைத்தியக்காரத்தனம் என்றேன். புது முகம் ஜனங்களுக்குப் பழக வேண்டாமா? பழையவர் கோபித்துக்கொண்டு பாதிப் பேரோடு வெளியே போனால்? ஆளுங்கட்சிக்கு வேலையே இல்லாமல் போய்விடும்! பக்கத்தில் நின்ற ஒரு தொந்திக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

முருகையாவுக்குப் பொறுக்கவில்லை. தோற்றவரையே திரும்ப நிறுத்தினால் திரும்பவும் தோல்விதான், இவர் வீட்டுக்குப் போனால்தான் கட்சிக்கு விடிவு என்று அருவிச் சத்தத்தையும் மீறிப் பேசினார். சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குளிர் போன இடம் தெரியவில்லை.

கோயில்பிள்ளை துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைசியில்தான் வாய் திறந்தார்.

"வீடு வீடா போயி ஓட்டுக் கேக்கது நான் வே. போன எலெக்‌ஷன்ல ஒரு அக்கா கதவைத் தொறந்தா. நோட்டீஸைப் பாத்துட்டு, 'இன்னும் இவருதானா'ன்னு கேட்டா. திட்டக்கூட இல்ல, சாத்திட்டா. இந்தத் தடவையும் அதே வாசல்ல போயி நிக்கணும். அவ கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அரசியலைப் பற்றி இத்தனை வருஷமாக எழுதுகிறேன்... அந்தக் கதவை நான் யோசித்ததே இல்லை.

தொந்திக்காரர் மெதுவாகக் கேட்டார்: "கடையம் ரோட்டுச் சுவத்துல பேர் எழுதாம விட்டிருக்கறது நீங்கதானா?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றார் கோயில்பிள்ளை, பெருமையாக. அதற்குள் தடையை எடுத்துவிட்டதாக விசில் ஊதினார்கள். எல்லோரும் அருவிக்கு ஓடினோம்.

மறுநாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் அந்தக் கட்சி இல்லை. உள்ளே விட மாட்டார்கள். கல்யாண மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். மேடையும் தெரிந்தது, ஸ்பீக்கரும் கேட்டது. மேடையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பார்வையாளர் வந்து உட்கார்ந்தார். பார்த்தால்... நம்ம தொந்திக்காரர்!

அவர் முகத்தைப் போஸ்டரில் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஆனால் போஸ்டரில் அவருக்கு வயதும் கம்மி, தொந்தியும் கிடையாது. என்ன செய்வது?

ஒவ்வொருவராக எழுந்து தலைவரைப் புகழ்ந்தார்கள். முருகையா பொதிகை மலை அளவுக்கு உயர்த்திவிட்டு, இவரைத் தவிர வேறு யாரையும் நினைத்துப் பார்க்கவே முடியாது என்றார். அடுத்து பார்வையாளரே மைக்கை வாங்கினார். நேற்றுக் குளிக்கிற இடத்தில் ஒரு விஷயம் சொன்னீர்களே, அதை இங்கே சொல்லுங்கள் என்று கோயில்பிள்ளையைக் கூப்பிட்டார்.

வாழ்க என்று ஒரு வார்த்தை — பதவி கையில்! சொல்லிவிட்டுப் போய்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் தவித்தேன்.

கோயில்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அக்கா கதையைச் சொன்னார். ஒரு வார்த்தை மாற்றவில்லை. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே!

தலைவர் மீது முழு நம்பிக்கை தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. ஒன்றியச் செயலாளர் — முருகையா. அந்த வாரத்திலேயே இன்னொரு அறிவிப்பும் வந்தது. கிளைச் செயலாளர் பொறுப்பிலிருந்து கோயில்பிள்ளை விடுவிக்கப்படுகிறாராம். கருத்துக் கேட்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது கருத்தை அல்ல, சொன்னவர் யார் என்பதைத்தான். தேர்தலுக்கு முன்னால் மாற்றம் வேண்டும் என்றார் கோயில்பிள்ளை. மாற்றிவிட்டார்கள்... அவரை!

வெள்ளிக்கிழமை கடையம் பக்கம் போனேன். ரோட்டோரச் சுவரில் ஏணி. மேலே கோயில்பிள்ளை. தலைவர் பேரை அழகாக எழுதி முடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தூக்கிப் போட்டவர்களுக்கு ஏன் வேலை செய்கிறீர் என்று சத்தம் போட்டேன்.

அவர் சாவகாசமாக இறங்கி வந்தார். முருகையா ஆளை விட்டு எழுதச் சொன்னாராம், எழுத்து கோணல்மாணலாக வந்ததாம், இவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லையாம். "கட்சி ஜெயிக்கணும்லா வே" என்றார்.

பேசிக்கொண்டே எழுத்தைத் தொட்டேன். விரலில் நீலம் அப்படியே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் சின்னத்தைத் தொட்டேன். ஒட்டவில்லை.

"சின்னம் எனாமல் பெயிண்டு. மேல் வரியும் எனாமல்தான்" என்றார் கோயில்பிள்ளை, பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே. "பேரு மட்டும் கலர்ப்பொடி. பச்சத் தண்ணில கரைச்சது."

இந்த வருஷம் சாரல் பலமாக இருக்கும் என்கிறார்கள்!