அவர் பெயர் எழுதிய டப்பா

என் கணவருக்கு எச்.ஐ.வி. உண்டு, எனக்கு இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அவர் மெலிந்துகொண்டே போனார். இருமல் மட்டும் கிடையாது. பொன்மலையில் எங்கள் வீட்டில் காலையில் இருமியவள் நான்தான். தாளிக்கிற நெடி என்று விட்டுவிட்டேன்.

திருச்சி ஆஸ்பத்திரியில் டி.பி. சோதனைக்குச் சளி கொண்டுவரச் சொல்லி, அவர் பெயர் எழுதிய டப்பாவைக் கொடுத்தார்கள். விடிந்ததும் எவ்வளவு காறியும் அவருக்கு எச்சில்தான் வந்தது.

"உனக்குத்தான் சளி வருதே, நீயே துப்பிக் குடுத்துடேன். இன்னொரு தடவை என்னால அலைய முடியாது" என்றார். எனக்கும் அலுப்பு. துப்பிக் கொடுத்தேன்.

முடிவு வந்ததும் லேபில் இருந்த பெண் அவரைப் பார்த்து, "கிருமி இருக்குங்க சார். பயப்படாதீங்க, மருந்து இருக்கு" என்றார். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பெயரை வைத்துக்கொண்டு என் நெஞ்சுக்குள் யாரோ குடியிருப்பதுபோல இருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது.

"மேடம், அது என் சளிங்க" என்றேன்.

அந்தப் பெண் நன்றாகத் திட்டினார். பிறகு அவருக்கு உப்புநீர் ஆவி பிடிக்கவைத்துச் சளி எடுத்தார்கள். "எச்.ஐ.வி. இருந்தா சளியில கிருமி கொஞ்சமாத்தான் இருக்கும். அதான் மெஷின்ல போட்டுப் பாக்கறோம்" என்றார் அந்தப் பெண். அவர் சளியிலும் கிருமி இருந்தது. ஒரு இருமல்கூட இல்லாமல்!

இருவரும் டி.பி. மருந்தை முடித்துவிட்டோம். இப்போதெல்லாம் அவருக்கு டப்பா கொடுத்தால், என் பெயர் எழுதி இன்னொன்று கேட்டு வாங்குகிறேன். வீட்டில் யாருமே இருமாத காலைகளில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.